மதகில்லாத அணை: இடுக்கி எதற்காகக் கட்டப்பட்டது?

இடுக்கி வளைவு அணையை முதன்முதலாகப் பார்க்கிற பலருக்கும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கே வெளியே வருகிறது? குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே சுமார் 169 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிற அந்தக் கான்கிரீட் சுவரில் ஷட்டர் ஒன்றுகூடக் கிடையாது. நுரைத்துப் பாயும் அருவி இல்லை, அடிவாரத்தில் இரைகிற மின்நிலையமும் இல்லை. அணைக்குக் கீழே பெரியாற்றின் பழைய தடம் ஆண்டின் பெரும்பகுதி பாறையும் புதருமாகக் கிடக்கிறது. மேட்டூரையும் வைகை அணையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அணையாகவே தோன்றாது.

தண்ணீர் வெளியே வருகிற இடம் மூலமட்டம். சாலை வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். அதைவிட வியப்பானது, அங்கே வெளிவருகிற நீர் பெரியாற்றுக்குத் திரும்புவதே இல்லை. தொடுபுழா ஆற்றில் விழுந்து, மூவாற்றுபுழா ஆறாகி, வைக்கம் பக்கம் வேம்பநாட்டுக் காயலில் கலந்துவிடுகிறது. இடுக்கியில் தேங்கி மின்சாரமாகிற பெரியாற்று நீர் அந்த ஆற்றுக்கு நிரந்தர இழப்பு.

ஏன் இப்படி? இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற விடையே இடுக்கியின் வரலாறு முழுவதையும் விளக்கிவிடும். இந்த அணையின் வடிவம், இடம், அதனால் வந்த சண்டைகள், 2018 வெள்ளத்தின்போது எழுந்த குற்றச்சாட்டுகள் எல்லாமே ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை. இடுக்கி பாசனத்துக்காகக் கட்டப்பட்டது அல்ல. குடிநீருக்காகவோ வெள்ளத் தடுப்புக்காகவோ கட்டப்பட்டதும் அல்ல. மின்சாரம் ஒன்றுக்காகவே கட்டப்பட்டது.

நீர்மின்சாரத்தில் இரண்டு கணக்குகள் உண்டு: எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து. பாசன அணைக்கு முதல் கணக்கு போதும். மின் அணைக்கு இரண்டாவதும் வேண்டும். பல நேரங்களில் இரண்டாவதுதான் பெரிது. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இடுக்கியின் முழுக் கொள்ளளவு சுமார் 70 டி.எம்.சி.; அதில் மின் உற்பத்திக்கு எடுக்கக்கூடியது ஏறத்தாழ 51 டி.எம்.சி. தண்ணீர் அளவில் மேட்டூர் பெரியது. ஆனால் மூலமட்டத்தில் தண்ணீர் விழுகிற உயரம் சுமார் 660 மீட்டர். அங்கே ஒரு கன மீட்டர் நீர் ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் தருகிறது. மேட்டூரில் அதே ஒரு கன மீட்டர் இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. இடுக்கி நிரம்பியிருந்தால் அதில் 200 கோடி யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் தேங்கியிருக்கிறது என்று பொருள். கேரள மின்வாரியமும் தன் அணைகளின் இருப்பை இவ்வளவு டி.எம்.சி. என்பதோடு நிறுத்துவதில்லை, இவ்வளவு யூனிட் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஓர் அணை எதற்காக இருக்கிறது என்பதை அதன் கணக்குப் புத்தகம் சொல்லிவிடும்.

அந்த 660 மீட்டர் எங்கிருந்து வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையின் அமைப்பிலிருந்துதான். பெரியாறு தமிழக எல்லையையொட்டிய சிவகிரி மலைப் பகுதியில் பிறந்து, மலைகளின் மேல்தளத்திலேயே வெகுதூரம் வடக்காகவும் வடமேற்காகவும் ஓடி, பிறகுதான் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. அந்த மேல்தளத்தின் மேற்கு விளிம்பில் குளமாவு. விளிம்புக்கு அடியில், கிட்டத்தட்டச் செங்குத்தான சரிவின் காலடியில் மூலமட்டம். ஆற்றை அது போகிற வழியிலேயே விட்டால் அதே இறக்கத்தைப் பல பத்துக் கிலோமீட்டரில் மெல்ல மெல்ல இறங்கித் தீர்த்துவிடும். விளிம்பில் ஒரு துளை போட்டுத் திருப்பிவிட்டால் மொத்த இறக்கமும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆற்றை ஆற்றுப்படுகையிலிருந்தே கடத்திக்கொண்டு போவதற்கு இதுதான் காரணம்.

இதற்கு முதலில் மேல்தளத்தில் ஓர் ஏரி வேண்டும். அந்த ஏரிக்கு மூன்று இடங்களில் அடைப்பு தேவைப்பட்டது. குறவன், குறத்தி மலைகளுக்கு இடையிலான இடுக்கு வழியாகப் பெரியாறு வெளியேறுகிறது. அதை அடைத்தால் நீர் உயர்ந்து பக்கத்திலுள்ள செருதோணி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஓடிவிடும். அதையும் அடைத்தால் மேற்கே வெகுதூரத்தில் குளமாவில் கிளிவள்ளித்தோடு என்ற ஓடை வழியாக ஒழுகிவிடும். ஆகவே அணையும் மூன்று: இடுக்கி, செருதோணி, குளமாவு. மூன்றும் சேர்ந்து நிறுத்துகிற நீர் ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரே ஏரியாகக் கிடக்கிறது. முழு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 2403 அடி. புகைப்படம் எடுக்கப்படுவது இடுக்கியில், உபரி நீரைத் திறந்துவிடுவது செருதோணியின் ஐந்து ஷட்டர்கள் வழியாக, மின்சாரத்துக்கு நீர் எடுக்கப்படுவது குளமாவுப் பக்கத்தில். புகழ் மட்டும் முதலாவதற்கு.

இந்த இடத்தைக் கண்டுபிடித்ததைப் பற்றி அந்தப் பகுதியில் எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1922இல் மலங்கரை எஸ்டேட் கண்காணிப்பாளர் டபிள்யூ. ஜே. ஜான் வேட்டைக்காகக் காட்டுக்குள் போனார். வழிகாட்டியாக வந்தவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர். இரண்டு மலைகளையும் அவற்றுக்கு நடுவே குறுகிப் பாய்கிற ஆற்றையும் கொலும்பன் காட்டினார். குறவனும் குறத்தியும் கல்லாய்ச் சமைந்த கதையையும் சொன்னார். ஜானுக்கு அங்கே ஓர் அணை தோன்றியது. பொறியாளரான தம் சகோதரரின் உதவியோடு 1932இல் திருவிதாங்கூர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அரசு அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று கொலும்பனுக்கு அங்கே சிலையும் நினைவிடமும் இருக்கின்றன. தாங்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த இடத்தை வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து 'கண்டுபிடித்தார்' என்று எழுதப்படுவதைக் கொலும்பனின் ஆட்கள் என்ன நினைத்தார்களோ, அது எந்த அறிக்கையிலும் பதிவாகவில்லை.

அரசு அந்த அறிக்கையை ஒதுக்கிவைத்ததில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. 1930களின் திருவிதாங்கூருக்கு அவ்வளவு மின்சாரம் தேவைப்படவில்லை. அதன் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல்தான், மூணாறுக்குக் கீழே முதிரைப்புழை ஆற்றில் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரத்தைத் தேடியே ஆலுவாவில் அலுமினியத் தொழிற்சாலை வந்தது. அதைச் சுற்றி உரம், ரசாயனம் என்று ஒரு தொழில் வட்டாரமே உருவானது. நிலக்கரி இல்லாத, எண்ணெய் இல்லாத ஒரு சிறு நாட்டுக்கு ஆறுகள்தான் எரிபொருள் என்ற பாடம் அப்போதே பதிந்துவிட்டது. 1950களிலும் 60களிலும் செங்குளம், பொரிங்கல்குத்து, நேரியமங்கலம், பன்னியாறு, சோலையாறு, சபரிகிரி என்று வரிசையாகத் திட்டங்கள் வந்தன. சபரிகிரி மட்டும் 300 மெகாவாட். இருந்தும் தேவை முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. 1956இல் பிறந்த கேரள மாநிலம் மலபாரையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. கம்பி போகாத கிராமங்கள் ஏராளம். இந்தப் பின்னணியில்தான் பழைய ஜான் அறிக்கையின் இடம் மறுபடியும் மேசைக்கு வந்தது. மத்திய அரசின் ஆய்வுகளும் அந்த இடத்தையே சுட்டின.

பணத்துக்கும் நுட்பத்துக்கும் கனடா வந்தது. நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்துக்கு, கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின்கீழ் உதவிய அதே கனடாதான். 1967இல் இடுக்கிக்கான கடன் உடன்பாடு ஆனது; எஸ்.என்.சி. என்ற கனடிய நிறுவனம் ஆலோசகராக இருந்தது. வளைவு அணையின் கட்டுமானத்தை இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி எடுத்துக்கொண்டது. வேலை 1969இல் தொடங்கியது.

இங்கே அணையின் வடிவத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சாதாரணப் புவிஈர்ப்பு அணை தன் எடையாலேயே நீரைத் தடுத்து நிற்கிறது. அதனால் அடிப்பக்கம் மிக அகலமாக இருக்கும். வளைவு அணை வேறு வகை. வில்லைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததுபோல நீரை நோக்கி வளைந்திருக்கும். நீரின் அழுத்தம் வளைவு வழியாக இரு புறமும் பரவி மலைகளின் தோளில் இறங்கும். சுமையை மலை தாங்குவதால் சுவர் மெல்லியதாக இருக்கலாம். இடுக்கி இரண்டு திசைகளிலும் வளைந்தது: மேலிருந்து பார்த்தாலும் வளைவு, பக்கத்திலிருந்து பார்த்தாலும் வளைவு. அடியில் சுமார் 20 மீட்டர் தடிமன், உச்சியில் ஏழரை மீட்டர். பக்கத்திலேயே நிற்கிற செருதோணி புவிஈர்ப்பு அணை. உயரத்தில் 30 மீட்டர் குறைவு. ஆனால் அதற்குப் பிடித்த கான்கிரீட் இடுக்கிக்குப் பிடித்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

எல்லா இடத்திலும் இப்படிக் கட்ட முடியாது. இரு பக்கமும் உறுதியான பாறை வேண்டும், பள்ளத்தாக்கு குறுகலாக இருக்க வேண்டும். குறவன் - குறத்தி இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றின. அந்த மெல்லிய வளைவில் ஷட்டர்களுக்காகத் துளை போடாமல், உபரி நீரை அனுப்பும் வேலையைப் பக்கத்துப் புவிஈர்ப்பு அணையிடம் ஒப்படைத்தார்கள். முதல் பத்தியில் வந்த கேள்விக்கு நேரடியான பொறியியல் விடை இதுதான்.

1973 பிப்ரவரியில் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். 1975 அக்டோபரில் சோதனை ஓட்டம் நடந்தது. 1976 பிப்ரவரி 12 அன்று பிரதமர் இந்திரா காந்தி திட்டத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முதல் கட்டத்தில் 130 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. எண்பதுகளின் நடுவில் இன்னும் மூன்று. மொத்தம் 780 மெகாவாட்.

மின்நிலையம் நாடுகாணி மலைக்குள் குடைந்த குகையில் இருக்கிறது. குளமாவுப் பக்கத்தில் எடுக்கப்படும் நீர் சுரங்கம் வழியாக வந்து, அழுத்தக் குழாய்களில் செங்குத்தாக இறங்கி, பெல்டன் வகைச் சக்கரங்களின் கிண்ணங்களில் மோதுகிறது. 660 மீட்டர் உயரத்திலிருந்து வருகிற நீர்த்தாரை மூக்குக்குழாயை விட்டு வெளியேறும் வேகம், உராய்வை ஒதுக்கிக் கணக்கிட்டால், மணிக்கு 400 கிலோமீட்டர் அளவில் வரும். பெல்டன் சக்கரத்துக்கு இன்னொரு குணம் உண்டு: சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம், சில நிமிடங்களில் நிறுத்திவிடலாம். அனல் மின்நிலையத்தால் இது முடியாது. இந்தக் குணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இப்போது தண்ணீருக்கடியில் போனவர்களைப் பற்றி. 1940களில் உணவுப் பஞ்சம் வந்தபோது அரசே மக்களை மலைக்கு ஏறி விவசாயம் செய்யச் சொன்னது. 1954-55இல் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான திருவிதாங்கூர்-கொச்சி அரசு கல்லார் பகுதியில் குடியேற்றத் திட்டம் ஒன்றையே நடத்தியது. தமிழர்கள் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டம் சூடாக இருந்த காலம் அது; மலையாளிகளைக் குடியேற்றுவதன் உள்நோக்கம் அதுதான் என்று தமிழ்த் தலைவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். 1956இல் இரண்டு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. ஐந்தே ஆண்டுகளில் அதே மலைகளில் அரசு வேறு முகத்தோடு வந்து நின்றது. 1961இல் இடுக்கி நீர்ப்பிடிப்புப் பகுதிக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. குடிசைகள் எரிக்கப்பட்டன, லாரிகளில் ஏற்றிக் குமுளிக்கு அருகே அமராவதியில் கொட்டும் மழையில் இறக்கிவிடப்பட்டார்கள். அப்போதும் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளைதான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அமராவதிக்கு வந்து உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் மறுவாழ்வு என்ற சொல்லே அரசின் வாயில் வந்தது.

அவர்கள் வெளியேற்றப்பட்டபோது அணை வேலை தொடங்க இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. திட்டம் வருவதற்கு வெகு முன்பே மனிதர்களை அகற்றிவிடுவது அணை கட்டுகிறவர்களின் பழைய வழக்கம். இடுக்கி அதற்கு விலக்கல்ல. இன்றும் ஏரி நிரம்பும்போது அய்யப்பன்கோவிலின் பழைய சாஸ்தா கோயிலை நீர் சூழ்ந்துவிடும். பக்தர்கள் படகில் போகிறார்கள். மறுபக்கம் வைரமணி என்ற ஊர் முழுதாக மூழ்கியது. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கிருந்த தேவாலயம் வெளியே தெரியும்.

தமிழக வாசகர்களுக்கு இடுக்கி என்றால் உடனே நினைவுக்கு வருவது முல்லைப்பெரியாறு. இரண்டும் ஒரே ஆற்றில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை மேலே. அங்கிருந்து வழிகிற நீர் வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதுறை வழியாக வந்து இடுக்கி ஏரியில் சேரும். முல்லைப்பெரியாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 624 சதுர கிலோமீட்டர். இடுக்கிக்குச் சொந்தமான பகுதி 649. ஆக இடுக்கி வரையிலான பெரியாற்றில் கிட்டத்தட்டப் பாதி நிலப்பரப்பின் நீர் முதலில் தேனி, மதுரைப் பக்கம் திரும்புகிறது, மிஞ்சினால்தான் இடுக்கிக்கு.

இந்த இரண்டு அணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் பலர் கவனிக்காத ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டுமே பெரியாற்றை அதன் படுகையிலிருந்து வெளியே கொண்டுபோகின்றன. ஒன்று மலையின் கிழக்கு விளிம்பில், மற்றொன்று மேற்கு விளிம்பில். கிழக்கே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப்பில் விழுந்து அங்கேயும் மின்சாரமாகிறது. பிறகு வைகையில் சேர்ந்து வயலுக்குப் போகிறது. மேற்கே மூலமட்டத்தில் விழுந்து மின்சாரமாகிறது. பிறகு மலங்கரை அணையில் தேங்கி மூவாற்றுபுழா பாசனத் திட்டத்தின் கால்வாய்களுக்குப் போகிறது. முன்பின்தான் மாறியிருக்கிறது. கிழக்கே பாசனம் முதலில் வந்து, மின்சாரம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்தது. மேற்கே மின்சாரம் முதலில் வந்து, பாசனம் பின்னால் ஒட்டிக்கொண்டது. முன்பு கோடையில் வற்றிய மூவாற்றுபுழா ஆறு மூலமட்டத்தில் மின்சாரம் தந்துவிட்டு வெளியேறும் நீரால் ஆண்டு முழுதும் ஓடுகிறது. கரையோர ஊர்களின் குடிநீர்த் திட்டங்கள் அதை நம்பியே இருக்கின்றன. மின்நிலையம் நின்றால் குழாய் வற்றும். யாரும் திட்டமிடாமலே கிடைத்த பயன் இது.

1979இல், குஜராத்தில் மோர்வி அணை உடைந்த அதே ஆண்டில், முல்லைப்பெரியாற்றின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதன் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. இடுக்கி இயங்கத் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழகத்தில் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்: மேலே தேக்காமல் விட்ட நீர் கீழே கேரளத்தின் மின்சாரமாகிறது என்றார்கள். காலப் பொருத்தம் சந்தேகத்துக்கு இடம் தருவது உண்மை. மட்டம் குறைந்தால் கூடுதல் நீர் இடுக்கிக்குப் போகும் என்பதும் உண்மை. ஆனால் அதுதான் நோக்கம் என்று நிறுவ இது போதாது. நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சுண்ணாம்புச்சாந்து அணைக்குக் கீழே வாழ்கிறவர்களின் பயம் பொய்யல்ல. உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. இந்த வழக்குகளில் இடுக்கி இன்னொரு வேடத்திலும் வந்தது: முல்லைப்பெரியாறு உடைந்தால் அந்த நீரை இடுக்கி தாங்குமா, தாங்காதா? தாங்கும் என்பது தமிழகத்தின் வாதம். இடுக்கி நிரம்பியிருக்கும் நாளில் உடைந்தால் என்ன ஆகும் என்பது கேரளத்தின் எதிர்க்கேள்வி. மின்சாரத்துக்காகக் கட்டிய ஏரியிடம் பாதுகாப்பு வலையாக இருக்கச் சொல்கிற வாதம் அது.

அந்த முரண் நிஜமாகவே வெடித்தது 2018 ஆகஸ்டில்.

மின் அணையை நடத்துகிறவர் ஏரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று விரும்புவார். வெள்ளத் தடுப்பை நினைக்கிறவர் மழைக்காலத்தில் ஏரி காலியாக இருக்க வேண்டும் என்று விரும்புவார். இரண்டும் ஒரே ஏரியில் நடக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேல்மட்டத்து ஓர் அடி நீர் என்பது சுமார் 1.8 கோடி கன மீட்டர். மூலமட்டத்தில் அது ஏறத்தாழ 2.7 கோடி யூனிட். ஷட்டரைத் திறந்து ஓர் அடி இறக்கினால் பத்துக் கோடி ரூபாய்க்குக் குறையாத மின்சாரம் கடலுக்குப் போகிறது. திறந்த பிறகு மழை நின்றுவிட்டால் கேள்வி கேட்கப்படுவது திறந்தவரிடம்தான். இந்த அச்சம் அதிகாரிகளின் தனிப்பட்ட குறை அல்ல. அணையின் நோக்கத்திலேயே ஊறியது. செருதோணி ஷட்டர்கள் அதற்கு முன் திறந்தது 1981இலும் 1992இலும் மட்டும்.

2018 ஜூலை முழுவதும் மழை பெய்து ஏரி ஏறிக்கொண்டே வந்தது. எத்தனை அடியில் திறப்பது என்று நாள்கணக்கில் பேசினார்கள். ஆகஸ்ட் 9 அன்று, மட்டம் 2399 அடியை நெருங்கியபோது, 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ஷட்டர் திறக்கப்பட்டது. மறுநாள் ஐந்தும். செருதோணி ஊரின் பாலத்தை வெள்ளம் மூழ்கடித்தது. நீரே வராத ஆற்றுத்தடம் என்று நம்பிக் கரைக்குள் கட்டிய கட்டடங்கள் அடித்துக்கொண்டு போயின. கால் நூற்றாண்டு ஆறு வரவில்லை என்றால் ஆறு இருந்ததையே ஊர் மறந்துவிடுகிறது. ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மாநிலம் முழுவதும் பேய்மழை. உச்சத்தில் நொடிக்கு 1500 கன மீட்டர் நீர் செருதோணி வழியாகப் போயிற்று. கீழே காலடி, ஆலுவா மூழ்கின. நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அந்த ஆண்டு மழையில் கேரளம் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது.

அணைதான் வெள்ளத்துக்குக் காரணமா? மத்திய நீர் ஆணையம் இல்லை என்றது: பெய்த மழை அவ்வளவு பெரியது, அணைகள் அதைக் கூட்டவில்லை. கேரள உயர் நீதிமன்றம் நியமித்த நடுநிலை அறிவுரையாளர், அணைகளை நடத்திய விதத்தில் பிழை இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று 2019இல் அறிக்கை கொடுத்தார். ஆகஸ்ட் 15 அதிகாலையில் முல்லைப்பெரியாற்றிலிருந்து தமிழகம் நீரைத் திறந்ததும் ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. தமிழகம் அதை மறுத்தது. என் பார்வையில் நீர் ஆணையம் சொன்னதும் அறிவுரையாளர் சொன்னதும் ஒன்றையொன்று வெட்டவில்லை. உச்ச நேரத்தில் திறந்துவிட்டதைவிடக் கூடுதலான நீர் இடுக்கிக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த அளவில் அணை வெள்ளத்தைக் குறைத்தே இருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் 14 அன்று ஏரி ஏறத்தாழ நிறைந்து கிடந்ததால் அதனால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வெள்ளத்தைத் தாங்கும் அணையாக அதை ஒருநாளும் யாரும் நினைக்காததன் விளைவு அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் எந்தத் தேதியில் எவ்வளவு மட்டம் வரை தேக்கலாம் என்ற வரம்பைக் கடைப்பிடிக்கும் முறை வந்திருக்கிறது. 2021இலும் 2022இலும் செருதோணி ஷட்டர்கள் திறந்தபோது பெரிய பதற்றம் எழவில்லை. மின்சாரத்தில் ஒரு பங்கை இழக்கத் தயார் என்று ஒப்புக்கொண்டபிறகுதான் அது முடிந்தது.

மின்சாரம் என்ற அந்த ஒற்றை நோக்கத்துக்குள்ளேயும் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. இடுக்கி வந்த புதிதில் கேரளத்திடம் மின்சாரம் மிஞ்சியது. தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் விற்றது. இடுக்கிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையே உயரழுத்தக் கம்பி இழுக்கப்பட்டது. அந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. எண்பதுகளின் வறட்சியில் ஏரி வற்றியபோது, மழையை மட்டும் நம்பிய மாநிலத்தில் மின்வெட்டு வந்தது. அடுத்த பெரிய அணைகள் அமைதிப் பள்ளத்தாக்கிலும் பூயங்குட்டியிலும் வரவிருந்தன. இரண்டும் காடுகளைக் காக்க எழுந்த எதிர்ப்பில் நின்றுபோயின. புது அணைக்குப் பதிலாக இருக்கிற ஏரிக்கு நீர் சேர்க்கப் பார்த்தார்கள். இரட்டையாற்று நீரைச் சுரங்கம் வழியாக அஞ்சுருளியில் கொண்டுவந்து விட்டார்கள். சபரிமலைப் பெருவழியில் நடந்தவர்களுக்குத் தெரிந்த அழுதா நதியிலிருந்தும் ஒரு பகுதி இடுக்கிக்குத் திருப்பப்பட்டது. பம்பையில் சேர வேண்டிய நீர் அது.

இன்று கேரளம் தன் மின் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. பகலில் சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது. மாலை ஆறரைக்கு மேல் வீடுகளில் விளக்கும் ஏசியும் அடுப்பும் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது சந்தை விலை ஏறுகிறது. அப்போதுதான் சில நிமிடங்களில் முழுவீச்சில் ஓடத் தொடங்குகிற பெல்டன் சக்கரத்தின் குணம் பொன்னாகிறது. மூலமட்டம் ஆண்டுக்குத் தரக்கூடிய சுமார் 240 கோடி யூனிட்டை 780 மெகாவாட்டால் வகுத்தால், இயந்திரங்கள் ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு நேரமே முழுத்திறனில் ஓட முடியும். மிச்ச நேரத்துக்குத் தண்ணீர் இல்லை. மாநிலத்துக்கு மின்சாரம் கொடுத்த அணை இப்போது மாநிலத்தின் மாலை நேரத்தைக் காக்கிற அணையாகியிருக்கிறது.

கேரள மின்வாரியம் அடுத்துத் திட்டமிட்டிருப்பதும் இதே திசையில்தான். மூலமட்டத்தில் இரண்டாவது மின்நிலையம், இன்னும் 800 மெகாவாட். புது அணை வேண்டாம், புது ஏரி வேண்டாம். ஒரு துளி நீர்கூடக் கூடப்போவதில்லை. அதே நீரைப் பாதி நேரத்தில் இரட்டை வேகத்தில் இறக்குவதுதான் திட்டம். அப்படியானால் மாலையில் நான்கைந்து மணி நேரம் தொடுபுழா ஆற்றில் இரண்டு மடங்கு நீர் பாயும், மற்ற நேரத்தில் ஆறு மெலியும். அந்த ஏற்ற இறக்கத்தை நடுவில் நின்று சமன்செய்ய வேண்டியது மலங்கரையின் சிறிய அணை. அதன் கீழேதான் மூவாற்றுபுழாவின் கால்வாய்களும் குடிநீர்க் கிணறுகளும் இருக்கின்றன.